கம்பு கீழே இறங்கிய பிறகு

அந்தக் காணொளியில் அவள் கம்பை ஓங்கியபடியே நிற்கிறாள். நான் எத்தனை தடவை பார்த்தாலும் கம்பு கீழே இறங்குவதில்லை. தலையில் மாட்டிய கூடைக் கயிறு, செடி ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிய படங்கு, சினந்த முகம், உயர்ந்த வலது கை, கையில் நீளக் கம்பு. எதிரே அரைக் காற்சட்டையும் தொப்பியுமாகத் தோட்டத்துத் துரை ஒரு காலைப் பின்னே வைத்து நிற்கிறார். படம் அங்கே உறைந்துபோகும். இடி இடிப்பதுபோல ஓர் இசை. கீழே சிவப்புப் பட்டையில் எழுத்துகள் ஓடும்: தோட்டத்தில் பதற்றம், தடிகளுடன் பெண்கள் தாக்குதல் முயற்சி.

அதை எனக்கு முதலில் அனுப்பியவர் என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு நண்பர். ஓய்வூதியக்காரர்களான நாங்கள் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம், மதியம் முழங்கால் வலிக்கு வெந்தயம், மாலையில் நாட்டு நடப்பு என்று அலுவலகம் நடந்ததைவிட ஒழுங்காக அது நடக்கிறது. நண்பர் காணொளிக்குக் கீழே, "உங்க பக்கத்து ஆட்கள் கிளம்பிட்டாங்க போல" என்று எழுதி, சிரிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பை ஓங்கியவள் என்னை மாமா என்று கூப்பிடுகிறவள்.

அவளுடைய அம்மாவும் நானும் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நான் படித்து, தொழிலாளர் பிணக்குகளை விசாரிக்கும் அரச அலுவலகமொன்றில் சேர்ந்து, மற்றவர்களின் சண்டைகளுக்கு இலக்கம் போட்டுக் கோப்பில் கட்டிவைத்தே தலை நரைத்து, இப்போது ஹட்டனில் இருக்கிறேன். அவள் பிறந்த தோட்டத்திலேயே கொழுந்து எடுக்கிறாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். கணவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். மகள் உயர்தரம் படிக்கிறாள். கொழுந்து எடுப்பவர்கள் முழுக்கப் பெண்கள், அவர்களை மலையில் நடத்துகிற கங்காணி மட்டும் ஆண் என்ற பழைய ஏற்பாட்டை மாற்றி, அந்தத் தோட்டத்தில் பெண்களையும் கங்காணியாகப் போடப் போவதாகப் பேச்சு வந்திருந்தது. முதல் பெயராக அவள் பெயர் ஆபீசில் இருந்தது. எழுதியவர் அந்தத் துரைதான்.

கம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கொழுந்து எடுக்கிறவர்களிடம் மட்டக்கம்பு என்று ஒன்று இருக்கும். விரல் பருமன்கூட இல்லாத நீளக் குச்சி. தேயிலைச் செடிகளின் தலைமேல் அதைப் படுக்கப் போட்டு, அதற்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும் கிள்ளுவார்கள். அப்போதுதான் மலை மேசைபோல மட்டமாக இருக்கும். சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்தி வியந்து படம் எடுக்கிற அந்தப் பச்சைக் கம்பளம் முழுவதும் இந்தக் குச்சி செய்த வேலை. இதைக் கொண்டு ஒருவரை அடித்தால் குச்சிதான் ஒடியும்.

காணொளி வந்து சில நாட்கள் கழித்து அவள் ஹட்டனுக்கு வந்தாள். நான் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி இதுதான்:

"டிவியில வந்தேனே மாமா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தேன்?"

"பயமா இருந்துச்சு."

"தொரையே பயப்படல. ஒங்களுக்கு என்னா பயம்?" என்று சிரித்தபடி உள்ளே வந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அதை நீட்டும்போது சிரிப்பு இல்லை.

குற்றப்பத்திரம். நான் வாழ்நாளில் படித்த நூற்றுக்கணக்கான குற்றப்பத்திரங்களோடு ஒப்பிட்டால் நல்ல ஆங்கிலம். கடமையில் இருந்த முகாமையாளரை ஆயுதத்தால் அச்சுறுத்தியது, தோட்டத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது, விசாரணை முடியும்வரை பணி இடைநிறுத்தம். முறைப்பாட்டாளர் என்ற இடத்தில் துரையின் கையெழுத்து. விசாரணையில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் வேலை போகும். கங்காணி வேலை அதற்கு முன்பே போய்விட்டது, அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லாவிட்டாலும்.

"என்னா நடந்துச்சு, அதச் சொல்லு."

அவள் சொன்னாள். சம்பளப் பேச்சுவார்த்தை இழுபட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோவை ஏற்றியிருந்தார்கள். எடுக்காதவர்களுக்கு அரைப் பெயர். அதாவது, நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரை நாள்தான் பதிவாகும். ஆனால் மலையில் உரம் போட்டு நாளாகிவிட்டது. புல் செடியை மிஞ்சி நிற்கிறது. அன்று காலை பெரட்டில் ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும்போதே பெண்கள் முணுமுணுத்தார்கள். மலைக்குத் துரை வந்தபோது நின்றுவிட்டார்கள். இவள்தான் பேசினாள்.

"கொழுந்து இருந்தா எடுக்க மாட்டோமாங்க, இல்லாதத எங்கருந்து எடுக்குறதுன்னு கேட்டேன். அவரு, இருக்கு இருக்கு, நீங்க சரியா பார்க்கலன்னாரு. சரி, நீங்களே பாருங்கன்னு கம்பத் தூக்கினேன்."

"தூக்கி?"

"தூக்கி என்னா, செடி மேல போட்டேன். கம்புக்கு மேல எத்தன கொழுந்து நிக்குது, எண்ணிக்கிங்கன்னேன்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவள் கை செய்த வேலையில் இரண்டு பாதிகள் இருந்தன. தூக்கியது ஒன்று, இறக்கியது ஒன்று. தொலைக்காட்சிக்கு முதல் பாதி போதுமாக இருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், காணொளி வரும்வரை தோட்டத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. மறுநாள் வேலை நடந்திருக்கிறது. துரை வழக்கம்போல வந்து போயிருக்கிறார். கொழும்பில் இருக்கும் தலைமை அலுவலகம்தான் விழித்துக்கொண்டது. அங்கே இருக்கிறவர்கள் தங்கள் தோட்டத்தைப் பார்ப்பது பெரும்பாலும் தொலைக்காட்சியில்தான். கம்பனித் துரை ஒருவர் கூலிக்காரியைக் கண்டு பின்வாங்குகிறார் என்று ஊரே சிரிக்கும்போது அவர்கள் சும்மா இருக்க முடியாது. கடிதம் அங்கே தயாராகி, கையெழுத்துக்காக இங்கே வந்திருக்கிறது.

"ஆபீசுல கேட்டாங்களா, கையில கம்பு இருந்துச்சான்னு?"

"கேட்டாங்க. ஆமான்னேன். கம்பு இல்லாமயா மலைக்குப் போவாங்க?"

"வேற யாரும் ஏதாவது சொன்னாங்களா?"

அவள் முகம் மலர்ந்தது. "எல்லாருமே போயி சொன்னாங்க மாமா! எனக்காக எங்க செட்டே ஆபீசுக்குப் போச்சு. அவ கையில மட்டும் இல்ல, எங்க எல்லார் கையிலயும் கம்பு இருந்துச்சு, எழுதிக்கிங்கன்னு சத்தம் போட்டுட்டு வந்தாங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். குற்றப்பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் 'ஆயுதம் தாங்கிய பெரும் குழுவோடு' என்ற சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்படியான உள்ளக விசாரணையில் தொழிலாளிக்காக வெளியாள் வாதாட முடியாது. சக தொழிலாளி வரலாம், சங்கப் பிரதிநிதி வரலாம். ஆகவே சங்கத்துக்குப் போனேன். பிரதிநிதியாக என்னை அனுப்ப அவர்கள் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். இவ்வளவு சீக்கிரம் ஒரு சங்கம் எனக்கு இணங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேறு எவரும் அந்த வேலையை விரும்பவில்லை என்பது பிறகு தெரிந்தது.

விசாரணைக்கு முன்பு இன்னொரு கேமரா வந்தது. இவர்கள் நல்லவர்கள். கொழும்பிலிருந்து ஆவணப்படம் எடுக்க வந்த சின்னக் குழு. இயக்குகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றி உண்மையாகவே வருத்தப்பட்டாள். காணொளியைப் பார்த்து, இது அநியாயம் என்று தேடிக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் பக்கத்துக் கதையும் வெளியே வந்தால் விசாரணைக்கு நல்லது என்று கணக்குப் போட்டு நானும் போய் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் குடியிருக்கிற லயத்து அறையான காம்பராவுக்குள் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். யன்னலைப் பாதி சாத்தினார்கள். அவளை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு இயக்குநர் தயங்கித் தயங்கி, "அக்கா, அந்த பிரிஜ்ஜ ஒரு துணி போட்டு மூடலாமா?" என்று கேட்டாள்.

வாசலில் கூடியிருந்த பெண்களில் ஒருத்தி உரக்கக் கேட்டாள்: "ஏம்மா, பிரிஜ்ஜு இருந்தா கஷ்டம் இருக்காதா?"

எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தாள், முகம் சிவந்தது. ஆனாலும் பிரிஜ் மூடப்பட்டது. மேலே ஒரு பழைய சேலை விழுந்ததும் அது காம்பராவின் நடுவில் நிற்கிற பேய் மாதிரி இருந்தது.

பிறகு கேள்விகள். எத்தனை வயதில் வேலைக்கு வந்தீர்கள், அட்டை கடிக்குமா, மழையில் என்ன செய்வீர்கள், அம்மாவும் கொழுந்துதானே எடுத்தார். அவள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். அட்டைக்கு என்ன பூசுவது என்பதை விளக்கமாகச் சொன்னாள். இயக்குநர் குரலைத் தாழ்த்தி, "இந்த வேலையும் போயிட்டா என்ன அக்கா செய்வீங்க? மகளோட படிப்பு?" என்று கேட்டாள். கேமரா மெல்ல அவள் முகத்துக்கு நெருங்கியது.

அவள், "வேல போகாது. எங்க மாமா பார்த்துக்குவாரு" என்று என் பக்கம் கையைக் காட்டினாள். கேமராவும் திரும்பியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"கொஞ்சம் மனசு விட்டுப் பேசுங்க அக்கா. அழுக வந்தா அடக்காதீங்க."

"வரலையேம்மா. வந்தா அழ மாட்டேனா?"

நான் அவளைத் தனியே கூப்பிட்டேன். கொஞ்சம் கண் கலங்கினால் தப்பில்லை, நாலு பேர் பார்ப்பார்கள், தலைமை அலுவலகமும் பார்க்கும் என்று சொன்னேன். விசாரணைகளில் அழுதவர்களுக்குத் தண்டனை குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் எழுதிவைக்காத விதி அது.

"அழுதா கங்காணி வேல குடுப்பாங்களா மாமா?"

அவளே தொடர்ந்தாள்:

"மலையில முப்பது பொம்பளைங்கள நடத்துறவ டிவியில மூக்க உறிஞ்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, நாளைக்கு எவ என் சொல்லக் கேப்பா?"

அவள் திரும்பிப் போய்விட்டாள். கடைசியில் பிரிஜ்ஜைப் பற்றிக் கேட்ட பெண்ணே அழுதாள். அவள் யாருடைய வீட்டு விசேஷமென்றாலும் அழக்கூடியவள், பிறந்தநாள் உட்பட. படம் வெளிவந்தபோது அதில் அவள் கண்ணீர்தான் நீளமாக இருந்தது. என்னை மாமா என்கிறவள் அரை நிமிடம் வந்தாள், முதுகு காட்டி, கூடையோடு, பனிமூட்டத்துக்குள் நடந்து போனாள். பின்னணியில் புல்லாங்குழல்.

ஊரில் தியேட்டர் இருந்த காலத்தில் தேயிலை மலையில் பாட்டு வரும் படங்களை நாங்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்போம். கதாநாயகி ஒற்றைக் கையால், முற்றின இலையாகப் பார்த்துப் பறித்து, காதில் பூ வைப்பதுபோலக் கூடைக்குள் போடுவாள். பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வரும்: "அடியே, இந்த எலைய நிறுக்கக் கொண்டு போனா கணக்கப்புள்ள ஒன்ன மலைய விட்டே வெரட்டிருவாரு!" தியேட்டரே அதிரும். எங்களைப் பற்றிய படம் இல்லை என்பது தெரிந்ததால்தான் அப்படிச் சிரிக்க முடிந்தது. இப்போது எங்களை வைத்தே எடுக்கிறார்கள். ஒருத்தி வேண்டுமென்றால் தடிக்காரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழ வேண்டும். துரையிடம் நியாயம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கிறவளுக்கு இரண்டிலும் இடமில்லை.

விசாரணைக்கு எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாம் பாதி. காணொளி எடுத்தவரை அவளுக்குத் தெரியும். டவுனில் தகப்பனின் துணிக்கடையில் பாதியைத் தடுத்து, கல்யாண வீடியோ எடுக்கும் கடை வைத்திருக்கிற முஸ்லிம் ஒருவர், அவளுக்கு அண்ணன் முறையில் நானா. அவளுடைய கல்யாணத்தை எடுத்ததும் அவர்தான். சங்கக்காரர்கள் கூப்பிட்டதால் அன்று மலைக்குப் போயிருக்கிறார். எடுத்ததை, வழக்கமாகச் செய்தி அனுப்பும் தொலைக்காட்சிக்கும் அனுப்பியிருக்கிறார்.

"நான் முழுசாத்தான் அனுப்பின சேர். வெட்டினது அங்க. எனக்கே டிவியில பார்த்துத்தான் தெரியும்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "உண்மையா தங்கச்சி, அதப் பார்த்து எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல்ல" என்றார்.

"எனக்கு நல்லாத்தான் எறங்குச்சு நானா. நீங்க சும்மா பட்டினி கெடந்திருக்கீங்க."

விசாரணைக்கு வந்து அதைப் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அந்தத் தொலைக்காட்சி இனி இவரிடம் எதையும் வாங்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "ஏலாது எண்டு சொல்ல ஏலா சேர்" என்றார் கடைசியில். "இந்த முகத்தோட நான் இங்கதானே யாவாரம் செய்யணும்."

கணினியில் போட்டார். சுற்றிலும் மாலையும் கழுத்துமாகக் கல்யாண ஜோடிகள் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசுகிறாள், கம்பைத் தூக்குகிறாள். அங்கே உறையாமல் படம் தொடர்ந்து ஓடியபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கம்பு வளைவாக இறங்கி இரண்டு செடிகளின் மேல் படுத்தது. "பாருங்க தொர" என்கிறாள். துரை ஒரு கணம் நிற்கிறார். பின்னே வைத்த காலை முன்னே எடுத்து வைக்கிறார். அவர் பின்வாங்கியது வழுக்குகிற மண்ணில் கால் ஊன்றுவதற்காக என்பது இப்போது தெரிகிறது. தொப்பியைக் கழற்றுகிறார். குனிந்து, கண்ணைக் கம்பின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் நீளத்துக்கும் பார்க்கிறார். புல்லைக் கையால் விலக்குகிறார். அடுத்த செடிக்குக் கம்பை அவரே நகர்த்தி வைத்துப் பார்க்கிறார். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, "சரி. இந்த மலையில கொழுந்து இல்லதான்" என்கிறார். அவள், "நான் சொன்னா நம்பல, கம்பு சொன்னா நம்புறீங்க" என்கிறாள். பெண்கள் சிரிக்கிறார்கள். துரையும் சிரிக்கிறார்.

நான் மேசையைத் தட்டினேன். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மாமா, கம்பு செடி மேல விழுறதோட நிப்பாட்டிருங்க" என்றாள்.

"ஏன்?"

"கொழுந்து இருக்கு, எங்க ஆளுங்கதான் எடுக்கலன்னு கம்பனி சொல்லுது. கொழுந்து இல்லன்னு இவரே சொல்லிட்டாரு. இதப் பார்த்தா கொழும்புல என்னா செய்வாங்க? இவர வச்சிருப்பாங்களா?"

அப்போதுதான் துரையின் மௌனம் எனக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால் அவள் தப்புவாள், அவர் மாட்டுவார். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட கை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவருக்கும் நுவரெலியாவில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

இருந்தாலும் நான் வாதாடினேன். சாட்சியத்தை முழுசாகத்தான் வைக்க வேண்டும், நமக்கு வேண்டிய இடத்தில் வெட்டினால் தொலைக்காட்சிக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்றேன்.

"அவன் என்னைய மாட்டிவிட வெட்டினான். நான் இன்னொரு ஆள மாட்டிவிடாம இருக்க வெட்டச் சொல்றேன். ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். ஆனா ஒன்னோட வேல?"

"இத்தன தொரமாரு வந்தாங்க, போனாங்க. எந்தத் தொர குனிஞ்சு பார்த்தாரு? இவரு பார்த்தாரு. பார்த்ததுக்கு நான் அவருக்குச் செய்றது இதுவா?"

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் சொல்லப் போனார். முழுப் படத்தையும் கொண்டுவருவது, கம்பு செடியில் படுக்கும் இடத்தில் நிறுத்துவது, அதற்குமேல் அவள் சம்மதம் இல்லாமல் ஓட்டுவதில்லை என்று முடிவானது. நான் எழுதிக் கொடுக்காத, ஆனால் ஒத்துக்கொண்ட உடன்படிக்கை.

விசாரணை தோட்டத்து ஆபீசில் நடந்தது. விசாரணை அதிகாரி கொழும்பிலிருந்து வந்த வழக்கறிஞர். முன்பின் தெரியாதவர், பொறுமைசாலி, குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். கம்பனிக்காகத் தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர் வழக்கை நடத்தினார். துரை யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். மகள்தான் மடிப்பு வைத்துக் கட்டிவிட்டாளாம்.

நான் முதலில் மட்டக்கம்பு ஒன்றை மேசைமேல் வைத்தேன். அது அன்றைய கம்புதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கம்பனி அதிகாரி கேட்டார். சரியான ஆட்சேபணை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கம்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு கடைக்காரர் படத்தைப் போட்டார். கம்பு உயர்ந்தது. அறையில் எல்லாரும் பல தடவை பார்த்திருந்த காட்சி. அதைத் தாண்டி ஓடத் தொடங்கியதும் விசாரணை அதிகாரி முன்னே சாய்ந்தார். கம்பு இறங்கி, செடிமேல் படுத்தது. கடைக்காரர் நிறுத்தினார்.

"அதற்குப் பிறகு?" என்றார் விசாரணை அதிகாரி சிங்களத்தில்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

கம்பனி அதிகாரி எழுந்தார். ஒன்றும் இல்லையென்றால் ஏன் இங்கே நிறுத்தினார்கள்? பதிவு இன்னும் மீதம் இருப்பது திரையில் தெரிகிறதே. அச்சுறுத்தல் அதற்குப் பிறகும் தொடர்ந்திருக்கலாம் அல்லவா? மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லும் முறைப்படி சரியாக இருந்தது. விசாரணை அதிகாரியின் பேனா நகர்வதைப் பார்த்தேன்.

"ஒருதரம் யோசிச்சுக்க" என்று அவளிடம் முணுமுணுத்தேன்.

"யோசிச்சுத்தான் மாமா வந்தேன்."

யன்னலோரத்திலிருந்து துரையின் குரல் வந்தது. தோட்டத்தில் கற்ற தமிழ், கொஞ்சம் கட்டையாக.

"போடு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் துரையைப் பார்த்து, "வேணாங்க தொர" என்றாள்.

"மிச்சமும் போடு" என்றார் அவர். "நான் குனிஞ்சது எனக்குத் தெரியாதா?"

படம் ஓடியது. தொப்பி கழன்றது. துரை குனிந்தார், புல்லை விலக்கினார், கம்பை நகர்த்தினார். கொழுந்து இல்லதான் என்ற குரல் ஆபீசுக்குள் தெளிவாகக் கேட்டது. பெண்களின் சிரிப்பும் கேட்டது. ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. விசாரணை அதிகாரி கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, முறைப்பாட்டாளருக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

"அவள் என்னை அச்சுறுத்தவில்லை. பார்க்கச் சொன்னாள். நான் பார்த்தேன்" என்று சிங்களத்தில் சொன்னார் துரை. அதைத் தமிழில் மொழிபெயர்க்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்குத் தேவையும் இருக்கவில்லை. முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். கேமராக்காரர்கள் இல்லாத அந்த நேரத்தில் அவள் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

குற்றச்சாட்டு நிற்கவில்லை. அவள் வேலைக்குத் திரும்பினாள். கங்காணி வேலையும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. துரைக்கு அடுத்த வருடம் இடமாற்றம் வந்தது. வழமையான இடமாற்றம் என்று கடிதத்தில் இருந்ததாம். அந்தச் சொல்லை எத்தனை கடிதங்களில் நானே எழுதியிருக்கிறேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் இருக்கிறார் என்று கேள்வி. அவர் போகும் நாளில் பெண்கள் பெரட்டுக்களத்தில் மாலை போட்டார்கள். பிரிஜ் பெண்மணி அழுதாள்.

திருத்தம் வெளியிடும்படி அந்தத் தொலைக்காட்சிக்கு நான் முறைப்படி எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு தொலைபேசியில் ஒரு பெண் பேசினாள், மிகவும் மரியாதையாக. மகளிர் தினத்துக்குச் சாதனைப் பெண்கள் என்று நிகழ்ச்சி செய்கிறார்களாம். தோட்டத்தின் முதல் பெண் கங்காணியைக் கூப்பிட விரும்புகிறார்களாம். வரும்போது கம்பையும் கொண்டுவந்து, அன்று மாதிரியே ஒரு தடவை ஓங்கிக் காட்டினால் நன்றாக இருக்குமாம்.

அவளிடம் சொன்னேன். மலையில் நின்றபடியே பேசினாள். பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது.

"போலாமே. ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மாமா. எறக்குற வரைக்கும் எடுப்பாங்களா?"

கேட்டேன். பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் பார்க்கிறார்கள்.

சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் பழைய காணொளி எங்கள் குழுவுக்குத் திரும்பி வந்துவிடும். போன மாதமும் வந்தது. நான் முழுப் பதிவையும் அனுப்பி வைத்தேன். நீளம் என்று எவரும் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் கைகூப்பும் பொம்மை போட்டார். அன்று அவள் ஹட்டனுக்குச் சாமான் வாங்க வந்து வீட்டுக்கும் வந்திருந்தாள். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே என் தொலைபேசியை எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, இன்னும் கம்ப எறக்காமயா நிக்கிறேன்?" என்றாள். "பாவம், அவளுக்குக் கை வலிக்காது?"